ஏழு கிலோ ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் வளையமும்

தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பத்தொன்பது ஆண்டுகளாக ஸ்பிரிங்குகளோடுதான் என் பொழுது கழிகிறது. பாபின் கேஸில் நூலை அழுத்திப் பிடிக்கும் தகட்டு ஸ்பிரிங், மேல்நூல் தளராமல் பார்த்துக்கொள்ளும் மெல்லிய கம்பி ஸ்பிரிங், துணியை மிதிக்கும் பாதத்தைக் கீழே தள்ளும் சுருள் ஸ்பிரிங் என்று எல்லாமே என் விரல்களுக்குப் பழக்கம். அதனால்தான் பதின்மூன்று வயதாகும் என் அண்ணன் மகன், தான் மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கும் நுரைக் குச்சிகளைச் சுடும் நெர்ஃப் ரீடாலியேட்டர் பொம்மைத் துப்பாக்கியையும், அதன் வேகத்தைக் கூட்டுவதற்கென்று வரவழைத்த ஒரு சிறு பொட்டலத்தையும் என் மேசைமேல் வைத்து, "அத்தை, இதை மாட்டித் தருகிறீர்களா?" என்று கேட்டான். நானும் சரி என்றேன். அந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதை விற்றவர்களின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே உருப்படிகளை வேறு வேறு உறையில் போட்டுப் பலர் விற்கிறார்கள். ஒன்றுக்குச் சொல்வது பெரும்பாலும் மற்றதற்கும் பொருந்தும்.

பொட்டலத்தில் இருந்தவை இவை: "7 கிலோ" என்று ஒட்டுத்தாள் சுற்றிய ஒரு சுருள் ஸ்பிரிங், விரல் நகத்தளவு ஒரு சிறிய ஸ்பிரிங், கறுப்பு ரப்பர் வளையங்கள் இரண்டு, அதிர்வைத் தாங்க ஒரு ரப்பர் வில்லை, பெயரில்லாத பையில் கொஞ்சம் கிரீஸ், படங்கள் மட்டும் அச்சிட்ட ஒரு தாள்.

முதலில் துப்பாக்கியைப் பற்றி. ரீடாலியேட்டர் 2012இல் வந்த எலைட் வரிசையைச் சேர்ந்தது. டார்ட் என்னும் நுரைக் குச்சிகள் பன்னிரண்டைப் பிடிக்கும் மேகசின் கூடு, மேலே பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளும் பிடி. பேட்டரி கிடையாது. இழுக்கும்போது உள்ளே பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கை அமுக்குகிறது. ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. விசையை அழுத்தினால் கொக்கி விலக, பிஸ்டன் பாய்ந்து, குழாய்க்குள் இருக்கும் காற்றை அமுக்கி டார்ட்டின் பின்னால் தள்ளுகிறது. டார்ட்டை அனுப்புவது ஸ்பிரிங் என்று பலரும் நினைக்கிறார்கள். டார்ட்டைத் தொடுவதும் தள்ளுவதும் காற்றுதான். ஸ்பிரிங்கின் வேலை அந்தக் காற்றை இறுக்குவதோடு முடிகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், பொட்டலத்தில் இருக்கும் எந்த உருப்படிக்கு என்ன மதிப்பு என்பது தானாக விளங்கிவிடும்.

கழற்றுவதற்கு முன் அளந்துவிட வேண்டும் என்று சொன்னேன். அளக்காமல் ஸ்பிரிங் மாற்றுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. வேகம் அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஆனால் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்ய முடியும். துப்பாக்கியின் வாயிலிருந்து சரியாக 4 மீட்டரில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்தோம். கைப்பேசியை இரண்டுக்கும் நட்டநடுவில் வைத்தோம். நடுவில் வைப்பதில் ஒரு நன்மை இருக்கிறது: சுடும் ஓசையும் அட்டையில் படும் ஓசையும் ஒரே தூரம் கடந்து வருவதால், ஒலி பயணிக்கும் நேரத்தைத் தனியாகக் கழிக்க வேண்டியதில்லை. பதிவை விரித்துப் பார்த்தால் இரண்டு முகடுகள் தெரியும். அவற்றின் இடைவெளியால் நான்கு மீட்டரை வகுத்தால் சராசரி வேகம். வாயை விட்டுப் புறப்படும் கணத்தில் வேகம் இதைவிடச் சற்று கூடுதலாகவே இருக்கும். ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும். பத்து முறை சுட்டோம். இடைவெளி சராசரியாக 0.195 நொடி. அதாவது நொடிக்கு 20.5 மீட்டர். பையன் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதிக்கொண்டான்.

பிறகு திறந்தோம். இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு என் தொழிலிலிருந்து ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு தடித்த அட்டையில் துப்பாக்கியின் பக்கவாட்டு உருவத்தை வரைந்துகொள்ளுங்கள். எந்த ஸ்குரூ எங்கிருந்து வந்ததோ, அட்டையில் அதே இடத்தில் அதைக் குத்தி வையுங்கள். நீளம் மாறிய ஒரே ஒரு ஸ்குரூ பிளாஸ்டிக் தூணைப் பிளந்துவிடும். துப்பாக்கியின் வெளிக்கூடான ஓட்டைப் பிரிப்பதற்கு முன் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இல்லை என்பதையும் மேகசின் வெளியே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடு விலகியதும் எதையும் தொடாமல் ஒரு படம் எடுத்துவிடுங்கள். சின்னச் சின்னப் பூட்டுகள், அவற்றுக்கான நூல்போன்ற ஸ்பிரிங்குகள் எல்லாம் மூச்சுவிட்டால் இடம் மாறும்.

பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்த்தபோது எனக்கு விடை பாதி கிடைத்துவிட்டது. அதன் தலையில் இருந்த ரப்பர் வளையம் உலர்ந்து, வெளிப்பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. குழாயின் முன் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளினேன். உஸ்ஸென்று காற்று பின்பக்கமாகக் கசிய, அது தங்குதடையில்லாமல் கடைசிவரை போய்விட்டது. இறுக்கமான பிஸ்டன் அப்படிப் போகாது. சைக்கிள் பம்பின் வாயை அடைத்துக்கொண்டு அழுத்தினால் கை எப்படித் திரும்பி வருமோ, அப்படி உந்தித் தள்ள வேண்டும்.

பொட்டலத்தில் வந்த புதிய வளையங்களில் ஒன்றை மாட்டினேன். நல்ல ரப்பர். வெட்டுத் தழும்பு இல்லை, கிள்ளினால் உடனே பழைய வடிவுக்கு வருகிறது. ஆனால் குழாய்க்குச் சற்றுச் சிறியது. அதனால் பிஸ்டனின் பள்ளத்தில் முதலில் குழாய் வேலைக்குப் பயன்படும் வெள்ளை டெஃப்லான் டேப்பை மூன்று சுற்று சுற்றி, அதன்மேல் வளையத்தை உட்கார வைத்தேன். மூன்று சுற்று அதிகம். பிஸ்டன் குழாயில் முனகிக்கொண்டு நகர்ந்தது. உராய்வு கூடினால் இறுக்கத்தில் கிடைத்த பலன் போய்விடும். ஒரு சுற்றை அவிழ்த்தேன். இப்போது துளையை அடைத்தால் நிற்கிறது, திறந்தால் தன் எடையிலேயே மெல்ல இறங்குகிறது. அந்த இறக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு சீர்.

கிரீஸ் பையைப் பிரித்ததும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அதை அப்படியே மூடி வைத்துவிட்டேன். பெட்ரோலிய எண்ணெய்கள் சில வகை ரப்பரை ஊதிப் பெருக்க வைக்கும், சில வகை பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் உண்டாக்கும். பெயரும் சேர்மானமும் எழுதாத கிரீஸை இப்படிப்பட்ட பொட்டலத்தில் வைத்துத் தருவது பெரிய தவறு. பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் ஏற்ற சிலிக்கான் கிரீஸ் என்னிடம் இருந்தது. பயறளவு எடுத்து வளையத்தைச் சுற்றித் தடவினேன்.

இந்த இடத்தில் பையனின் பொறுமையைச் சோதித்தேன் என்பது உண்மை. புதிய ஸ்பிரிங்கைப் போடாமல், பழைய ஸ்பிரிங்கோடே ஓட்டை மூடி மறுபடியும் அளக்கச் சொன்னேன். 0.165 நொடி. நொடிக்கு 24.2 மீட்டர். ஒரு ரப்பர் வளையம், இரண்டு சுற்று டேப், ஒரு பயறளவு கிரீஸ். வேறு எதுவும் மாறவில்லை. வேகம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது, இழுக்கும் பிடியில் கூடுதல் பாரம் துளியும் இல்லை. இந்தப் பொட்டலத்தின் உறையில் ஸ்பிரிங்கின் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நான் போட்டிருந்தால் வளையத்தின் படத்தைப் போட்டிருப்பேன்.

அடுத்து ஸ்பிரிங். வெர்னியரால் கம்பியை அளந்தேன். பழையது 1.2 மில்லிமீட்டர், புதியது 1.4. சுருளின் அகலமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் இரண்டிலும் ஒன்றே. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 1.4ஐ 1.2ஆல் வகுத்து வரும் எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் 1.85. கால் மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த வேறுபாடு விறைப்பைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்குகிறது. எடைப்பொறியின்மேல் நிறுத்தி, துப்பாக்கிக்குள் அமுங்கும் அளவுக்கு அமுக்கிப் பார்த்தேன். பழையது 3.3 கிலோ காட்டியது, புதியது 6.1. ஒட்டுத்தாளில் எழுதியிருக்கும் 7 கிலோ, முழுவதுமாக அமுக்கினால் வரும் எண்ணாக இருக்கலாம். துப்பாக்கிக்குள் அந்த அளவுக்கு அது அமுங்குவதே இல்லை. வாங்குகிறவருக்குப் பயன்படும் எண்ணை எழுதினால் என்ன?

ஸ்பிரிங்கில் இன்னொரு குறை. நல்ல அமுக்கு ஸ்பிரிங்கின் இரு முனைகளும் மடித்து, தட்டையாகத் தேய்க்கப்பட்டிருக்கும், மேசைமேல் வைத்தால் செங்குத்தாக நிற்கும். இது சாய்ந்து நின்றது. ஒரு முனை வெட்டியது வெட்டியபடி இருந்தது, கூர்விளிம்போடு. அப்படியே போட்டால் பிஸ்டனை ஒருபக்கமாகச் சாய்த்துத் தள்ளும். நான் பாடுபட்டு உட்கார வைத்த வளையத்தை ஒரே வாரத்தில் ஒருபக்கம் தின்றுவிடும். சாணைக்கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். கம்பி சூடேறினால் அதன் பதம் கெட்டுவிடும் என்பதால் நாலு உரசலுக்கு ஒருமுறை தண்ணீரில் தோய்த்தேன். அரைமணி நேரம் ஆனது. கருவியும் பழக்கமும் இல்லாதவர்கள் இதை எப்படிச் செய்வார்கள்?

சிறிய ஸ்பிரிங் கொக்கிக்கானது. அதைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். பெரிய ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக் கொக்கியைப் பழைய ஸ்பிரிங்கோடு விட்டால், இழுத்து வைத்தது பிடியில் நிற்காமல் நழுவும், விரல் படாமலே சுடும். இந்தச் சிறு ஸ்பிரிங் கொக்கியைக் கெட்டியாகப் பிடித்து வைக்கிறது. விசை சற்று கனமாகிறது, அது ஏற்கத்தக்கதே. மூடுவதற்கு முன் பத்துமுறை இழுத்து, ஓட்டை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒருமுறைகூட நழுவவில்லை.

அளந்தோம். 0.115 நொடி. நொடிக்கு 34.8 மீட்டர். பையன் கூவிவிட்டான். நான் நோட்டுப் புத்தகத்தை வாங்கி இன்னொரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். எலைட் டார்ட்டின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். முதலில் 0.21 ஜூல், இப்போது 0.61. வேகம் இருமடங்கைத் தொடவில்லை, அடியின் வலு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது. நான்கு மீட்டரில் விறைப்பாகப் பிடித்துக் கட்டிய செய்தித்தாளை முன்பு தட்டி விழுந்த டார்ட், இப்போது கிழித்துக்கொண்டு போனது. மூன்றடி தூரத்திலிருந்து என் தொடையில் சுடச் சொன்னேன். துணிக்கு மேலேதான் பட்டது. சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவந்த வட்டம் மாலைவரை மறையவில்லை.

அன்றே மூன்று விதிகளை வைத்தேன். கண்ணைக் காக்கும் கண்ணாடி மாட்டாமல் அந்த அறைக்குள் யாரும் வரக்கூடாது, பார்க்க வருபவரும்தான். ஆள்மீது குறி வைக்கக்கூடாது. சுட்டு முடிந்ததும் ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் என் அலமாரிக்குள் போக வேண்டும். 2017இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள்: நுரைத் துப்பாக்கி டார்ட் பட்டு, கண்ணுக்குள் இரத்தம் கசிந்து மூன்று பேர் வந்தார்கள், அவர்களில் ஒருவன் பதினொரு வயதுச் சிறுவன். துப்பாக்கி செய்பவர்களே டார்ட்டையோ துப்பாக்கியையோ மாற்றியமைக்காதீர்கள் என்று அச்சிட்டுத்தான் தருகிறார்கள். நாம் அதை மீறுகிறோம் என்றால், அதன் பிறகு அது சிறுவர் பொம்மை என்கிற வகையில் சேராது. இந்தப் பொட்டலத்தின் தாளில் கண்ணாடியைப் பற்றி ஒரு படம்கூட இல்லை. கிரீஸைவிட எனக்கு இதில்தான் கோபம் அதிகம். அதேபோல் ஆரஞ்சு நிற முனையைக் கறுப்பாக்கி உண்மைத் துப்பாக்கி போலக் காட்ட நினைப்பவர்கள் அதை விட்டுவிடுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று சொல்லும் ஒரே அடையாளம் அந்த நிறம்தான்.

தாளின் கடைசிப் படம், காற்றுத் தடுப்பானைக் குடைந்து எடுக்கச் சொல்கிறது. டார்ட் இல்லாதபோது காற்றின் வழியை அடைத்துவிடும் ஒரு சிறு வால்வு அது. டார்ட் உள்ளே வந்து அதன் நடுத்தண்டை அழுத்தினால்தான் வழி திறக்கும். அதனால் வெறுமனே சுட்டாலும் பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நிற்கும், ஓட்டில் இடிக்காது. பையன் விடாமல் கேட்டதால் இரண்டு வாரம் கழித்து எடுத்தேன். 0.108 நொடி, நொடிக்கு 37 மீட்டர். அந்தச் சிறு லாபத்துக்காகத் துப்பாக்கியின் காப்பை இழந்தோம். டார்ட் இல்லாமல் தவறுதலாகச் சுட்ட ஒவ்வொரு முறையும் உள்ளே கேட்ட அறையும் ஓசை என் பல்லைக் கூசவைத்தது. எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் திரும்பப் பொருத்த முடியாது.

அதற்கு அடுத்த வாரம் உடைந்தது. பிஸ்டனையும் மேலே இழுக்கும் பிடியையும் இணைக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் ஒரு கை, பிடி சேரும் முனையில் பிளந்துவிட்டது. பிளவைப் பார்த்தேன். நடுவில் வெளிறிய கோடு இருந்தது. முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து களைத்திருக்கிறது. மூன்று கிலோவை இழுக்க வார்த்த கை, ஆறு கிலோவை எத்தனை நாள் இழுக்கும்? கடினமான ஸ்பிரிங் போடுகிறவர்கள் இந்தச் சட்டத்தை உலோகத்தில் வாங்கி மாற்றுவது வழக்கமாம், பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது தனியாக விற்கிறது. ஸ்பிரிங்கை விற்பவர்கள், இதையும் வாங்காவிட்டால் உங்கள் துப்பாக்கி தாங்காது என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

பேட்டரியில் ஓடும் ஸ்ட்ரைஃப் போன்ற வகைக்கும் இது பொருந்துமா என்று பையனின் நண்பர்கள் கேட்டார்கள். பொருந்தாது. அங்கே சுழலும் இரண்டு சக்கரங்கள் டார்ட்டைப் பிடித்து வீசுகின்றன, பிஸ்டனே இல்லை. மோட்டார், கம்பி, பேட்டரி என்று வேலை வேறு திசையில் போகிறது. அதே பருமனில் கிடைக்கிறது என்பதற்காக 1.5 வோல்ட் பேட்டரிகளின் இடத்தில் 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரிகளைப் போட்டு நிரப்பாதீர்கள் என்பதை மட்டும் சொல்லி அனுப்பினேன். நான்கு போட்டால் 6 வோல்ட்டுக்கு இழுத்த கம்பியில் கிட்டத்தட்ட 15 வோல்ட் பாயும்.

உலோகச் சட்டம் வந்தது, மாட்டினேன். துப்பாக்கி மறுபடியும் நன்றாகவே இயங்கியது. அதன் பிறகுதான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தோம். எட்டு மீட்டரில் ஓர் ஏ4 தாள், இருபது டார்ட். புதிய ஸ்பிரிங்கில் ஆறு பட்டது. மீதி பதினான்கும் புறப்படும்போது நேராகப் போய், பாதி வழியில் வாலை ஆட்டி, இடமாகவோ மேலாகவோ விலகின. நீள நுரை டார்ட்டின் இயல்பு அது: அந்த உடல் ஒரு வேகத்துக்குமேல் காற்றில் நிலைகொள்ளாது. அதற்காகத்தான் வேகத்தை விரும்புகிறவர்கள் பாதி நீளமுள்ள குட்டை டார்ட்டுக்கும் அதற்கேற்ற குழலுக்கும் மாறுகிறார்கள். பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு, புதிய வளையத்தோடு அதே இருபது டார்ட்டைச் சுட்டான். பதினான்கு பட்டது.

பையன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டைகளை எண்ணினான். மறுபடியும் எண்ணினான். பிறகு, "அத்தை, பழைய ஸ்பிரிங்கே இருக்கட்டும். வளையத்தை மட்டும் எடுக்காதீர்கள்" என்றான். ஏழு கிலோ ஸ்பிரிங்கை எண்ணெய் துடைத்து, பாபின் போட்டு வைக்கும் என் தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். ஒட்டுத்தாளில் இருந்த எண்ணை அடித்துவிட்டு, பையனே தன் கையால் 6.1 என்று எழுதினான்.